குக்கீ டப்பாவோடு லேபிளையும் சேர்த்துக் கொடுங்கள்

கடையில் வாங்கிய பிஸ்கட்டை உருக்கிய சாக்லேட்டில் பாதி முக்கி, மேலே வண்ண மணிகளைத் தூவி, ஆறவைத்து டப்பாவில் அடுக்கினால் கொஞ்ச நேரத்தில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுக்கிற அளவுக்கு இனிப்பு தயார். க்ரீம் பிஸ்கட்டைப் பொடித்து க்ரீம் சீஸ் சேர்த்து உருண்டை பிடிப்பது, கேக் மிக்ஸில் முட்டையும் எண்ணெயும் கலந்து குக்கீயாகச் சுடுவது, இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி ஒட்டுவது என்று பாதி கடையும் பாதி வீடுமான இந்தப் பண்டங்கள் விடுமுறைக் காலத்தில் நிறையக் கைமாறும். எனக்கு இவை ரொம்பப் பிடிக்கும். நாள் முழுக்க அடுப்படியில் நிற்க முடியாதவர்களும் குழந்தைகளும்கூடச் செய்து நாலு பேருக்குக் கொடுக்க முடிகிறதே, அதுவே நல்ல விஷயம்.

நான் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் உணவியல் நிபுணர். இந்தப் பண்டங்களைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். பாக்கெட்டைப் பிரித்துப் பண்டம் செய்கிறோம், பாக்கெட் குப்பைக்குப் போகிறது, அதோடு லேபிளும் போய்விடுகிறது. கடையில் இருந்தவரை அந்த பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்திருக்கலாம். உங்கள் டப்பாவுக்குள் வந்த பிறகு அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் நீங்கள் படித்திருந்தால்.

முழுக்க வீட்டிலேயே செய்திருந்தால் என்னென்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும்: மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை. முழுக்கக் கடைப் பொருளாக இருந்தால் அட்டையில் அச்சிட்டிருக்கும். இரண்டும் கலந்ததில்தான் சிக்கல், ஏனென்றால் வாங்குகிறவர் "வீட்டில் செய்தது" என்று கேட்டதும் நம்பிவிடுகிறார், கொடுக்கிறவரும் தான் சேர்த்ததை மட்டும் நினைத்துப் பதில் சொல்கிறார்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் அம்மா சொன்னது இது. வெள்ளைச் சாக்லேட்டில் முக்கிய சாதாரண பிஸ்கட், வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார், "இல்லவே இல்லை" என்று மனதாரப் பதிலும் வந்திருக்கிறது. குழந்தை ஒரு கடி கடித்த சில நிமிடங்களில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, விடாத இருமல் தொடங்கிவிட்டது. அப்புறம் விசாரித்ததில், அதே மேசையில் முதலில் வேர்க்கடலை வெண்ணெய் வைத்த பிஸ்கட்டுகளைச் செய்திருக்கிறார்கள், அந்தக் கத்தியைத் துணியால் துடைத்துவிட்டு அதே கத்தியால் சாக்லேட்டைக் கிண்டியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கடும் ஒவ்வாமைக்கு உடனே போடுகிற அட்ரினலின் ஊசி கைப்பையில் இருந்ததால் குழந்தை தேறியது.

அதனால் செய்கிற வரிசையிலேயே கவனம் வேண்டும். கொட்டை, வேர்க்கடலை, எள் எதுவும் இல்லாத பண்டத்தை முதலில் செய்து, ஆறவைத்து, டப்பாவில் போட்டு மூடி, டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டிய பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள். கிண்ணம், கத்தி, கரண்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைத்தால் போதாது. கையையும் அப்படித்தான்: கிருமிநாசினி ஜெல் கிருமியைத்தான் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். அடுப்பில் சுட்டுவிட்டால் வேர்க்கடலையின் ஒவ்வாமைத் தன்மை போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், போகாது. மேலே தூவிய பாதாமைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் அது பாதாம் பட்ட பண்டம்தான்.

சரி, லேபிளில் எதைப் பார்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 9 வகை, அதில் எள் சேர்ந்ததே 2023 ஜனவரி 1 முதல்தான். நாட்டுக்கு நாடு பட்டியல் மாறுவதால் வெளிநாட்டு பாக்கெட் என்றால் கீழே உள்ள தடித்த எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பொருள் பட்டியலை முழுக்கப் படியுங்கள். வே, கேசின் என்று இருந்தால் அது பால். அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை. தஹினி என்றால் எள். பிராலின், மார்சிபான் என்றால் உள்ளே கொட்டை வகை இருக்கும்.

டார்க் சாக்லேட் விஷயத்தில் நான் ரொம்பவே கண்டிப்பு. பட்டியலில் பால் இல்லாததால் பால் ஒவ்வாமை உள்ளவருக்கு இது சரிப்படும் என்று வாங்குகிறார்கள். ஆனால் பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில்தான் பல டார்க் சாக்லேட்டுகளும் தயாராகின்றன, பால் சேர்க்காமலேயே பால் புரதம் உள்ளே போய்விடும். "இருக்கக்கூடும்" என்று எச்சரிக்கை போடுவது பல நாடுகளில் நிறுவனத்தின் விருப்பம், சட்டக் கட்டாயம் கிடையாது. அந்த வரி இல்லை என்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, விடுமுறைக் காலத்துக்கென்றே விசேஷ வடிவத்தில், சின்ன அளவில் வருகிற பாக்கெட்டுகள். வழக்கமாக வாங்குகிற அதே பெயர்தான், ஆனால் வேறு ஆலையில் தயாராகியிருக்கலாம், பொருள் பட்டியலும் மாறியிருக்கலாம். போன தடவை படித்தேனே என்று விட்டுவிடாதீர்கள்.

சீலியாக் நோய் உள்ளவருக்கு, அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் பாதிக்கிறவருக்கு, கொடுக்கிறீர்கள் என்றால் கோதுமை இல்லை என்பதும் குளூட்டன் இல்லை என்பதும் ஒன்றில்லை. பார்லி மால்ட் சேர்ந்த பிஸ்கட்டில் கோதுமையே இல்லாவிட்டாலும் குளூட்டன் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளூட்டன் அற்றது என்று அச்சிட கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரே தட்டில் சாதாரண பிஸ்கட்டின் தூள் பட்டாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

லேபிள் ஒவ்வாமைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் பலர் சாப்பிடப்போகிற கார்போஹைட்ரேட்டை கிராம் கணக்கில் பார்த்துத்தான் இன்சுலின் அளவை முடிவு செய்கிறார்கள். விருந்துக்குப் போன இடத்தில் தட்டில் இருக்கும் குக்கீயைப் பார்த்து மனதுக்குள் தோராயமாக ஒரு எண்ணைப் போட்டு ஊசி போட்டுக்கொள்ளும் பதின்வயதுப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அளவு கூடினால் சர்க்கரை தாழ்ந்துபோகும், குறைந்தால் ஏறிவிடும். இந்தக் கணக்கைச் செய்கிறவர் சுலபமாகப் போட்டுக் கொடுத்துவிடலாம். உதாரணத்துக்கு, பிஸ்கட் ஒன்றில் 8 கிராம் கார்போஹைட்ரேட் என்று பாக்கெட் சொல்கிறது என்று வையுங்கள். 200 கிராம் சாக்லேட்டை உருக்குகிறீர்கள், 100 கிராமுக்கு 60 கிராம் என்று அதன் உறையில் இருந்தால் மொத்தம் 120 கிராம். அதை 40 பிஸ்கட்டுக்குப் பூசினால் ஒவ்வொன்றிலும் 3 கிராம், ஆக ஒரு குக்கீ 11 கிராம். சின்னச் சீட்டில் இந்த ஒரு எண்ணை எழுதி வைத்தால் அந்தப் பிள்ளை யாரிடமும் போய் விளக்கம் சொல்லாமல், கேட்காமல், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்.

இப்போது சுடாமல் செய்கிற உருண்டைகள். இதில் நான் தயங்காமல் வேண்டாம் என்று சொல்வது பச்சைக் கேக் மிக்ஸை அப்படியே க்ரீம் சீஸோடு பிசைந்து உருட்டுவதை. அந்த மிக்ஸில் இருப்பது பச்சை மாவு. பார்க்க உலர்ந்த தூளாக இருப்பதால் அதில் கிருமி இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஆனால் தானியம் வயலிலிருந்து வருவது, அரைப்பதால் ஈ.கோலை போன்ற கிருமிகள் சாவதில்லை. 2009-இல் அமெரிக்காவில், சுடத் தயாராக விற்ற குக்கீ மாவைப் பச்சையாகச் சாப்பிட்டதோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்று 30 மாநிலங்களில் 77 பேரைப் பாதித்தது, அதில் 10 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடுமையான சிக்கல் வந்தது. 2021-இல் அங்கேயே கேக் மிக்ஸோடு தொடர்புடைய தொற்றில் 16 பேர் பாதிக்கப்பட்டார்கள். குளிர்பெட்டியில் வைப்பதால் இந்தக் கிருமி சாகாது. வீட்டு மைக்ரோவேவில் மாவைச் சூடாக்கிவிட்டுப் பயன்படுத்துவதையும் நம்பாதீர்கள், சூடு ஒரே சீராகப் பரவாது. சுடாமல் செய்ய ஆசை என்றால் ஏற்கெனவே சுட்ட பிஸ்கட்டையோ கேக்கையோ பொடித்துச் செய்யுங்கள், ருசியும் அதில்தான் நன்றாக இருக்கும். பாக்கெட் மாவைக் கிண்ணத்திலிருந்து வழித்து நக்கக் குழந்தைகளை விடாதீர்கள்.

க்ரீம் சீஸ் சேர்த்த எதுவும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் கடுமையாக 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். காரில் டப்பாவை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறவர்கள் குளிர்ப்பெட்டி எடுத்துப் போங்கள், அல்லது அப்படிச் சுற்றிக் கொடுப்பதற்கு வெறும் சாக்லேட் முக்கிய பிஸ்கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பளபளவென்று பூசுகிற மினுக்குத் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவில் "நச்சற்றது" என்று போட்டிருப்பதும் "உண்ணத்தக்கது" என்று போட்டிருப்பதும் வேறு வேறு. உண்ணத்தக்க தூள் என்றால் மற்ற உணவைப் போலவே பொருள் பட்டியல் இருக்கும். 2018-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி வந்தது, கேக்கில் பூசிய மினுக்குத் தூளில் செம்பு மிக அதிகமாக இருந்தது. பட்டியல் இல்லாத தூளைப் பண்டத்தில் போடவே போடாதீர்கள், டப்பாவின் ரிப்பனில் வேண்டுமானால் ஒட்டுங்கள்.

ரம் கலந்த பிஸ்கட் உருண்டையைச் சமைப்பதே இல்லை, ஊற்றிய மது பெரும்பாலும் அப்படியே உள்ளேயே இருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள் எல்லாம் கை வைக்கிற பொதுத் தட்டில் அது இருக்கக் கூடாது. மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டினில் செய்வது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் வேண்டாம். முழுக் கொட்டையும் உருண்டையான கெட்டி மிட்டாயும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருக்கிற வீட்டுக்கு அவற்றை மேலே பதிக்காமல் கொடுங்கள்.

லேபிளைக் கொடுப்பது பெரிய வேலை கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், பிஸ்கட்டுக்கு ஒன்று, சாக்லேட்டுக்கு ஒன்று, தூவலுக்கு ஒன்று. கசங்கி எண்ணெய்ப் பிசுக்காகிவிடும் என்று தோன்றினால் பிரிக்கும் முன்பே போனில் படம் எடுத்து, டப்பாவைக் கொடுத்த கையோடு அவருக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு வரி கையால் எழுதுங்கள்: "இதே அடுக்களையில் வேர்க்கடலையும் பாதாமும் பயன்படுத்தினேன்." அந்த வரியைப் பார்த்து ஒருவர் சாப்பிடாமல் வைத்துவிட்டால் வருத்தப்படாதீர்கள், அவருக்கு நீங்கள் செய்தது பெரிய உதவி. பல வகையை ஒரே டப்பாவில் கலந்து அடுக்காமல் தனித்தனிப் பையில் போடுங்கள், புதினா வாசனை மற்றதில் ஏறுவதும் மொறுமொறு குக்கீ பக்கத்திலுள்ள மெத்தென்ற குக்கீயின் ஈரத்தை இழுத்து நமத்துப்போவதும்கூட அதனால் நிற்கும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெற்றோர் "இதில் வேர்க்கடலை இருக்கிறதா" என்று கேட்பதைவிட "பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன், வேறு என்னென்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் நன்றி சொல்லி வாங்கி ஓரமாக வைத்துவிடலாம், கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, குரல் மாறுவது, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் என்று வந்தால் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள். ஊசி இல்லையென்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர உதவியை அழையுங்கள். அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை இதற்கு ஈடாகாது, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் நிலைமை முற்றிப்போவதைப் பார்த்திருக்கிறேன். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டுச் சரியானதுபோல இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். போகிற வழியில் பண்டம் கொடுத்தவரை அழைத்து பாக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் நிச்சயம் கேட்பார்.