மேல் ஸ்க்ரூவுக்குத்தான் பாரம்

புது டிவி வாங்கிய மைத்துனருக்கு ஓர் ஆசை. ஹாலில் மாட்டும் டிவி, சாப்பிடும் நேரத்தில் மேசைப் பக்கம் திரும்ப வேண்டும். இழுத்தால் நீண்டு, தள்ளினால் மடங்கும் ஸ்டாண்டு ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருந்தார். "முப்பது கிலோ தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு மாப்ள, நம்ம டிவி பன்னிரண்டு கிலோதான்" என்றார். அந்த முப்பது, ஸ்டாண்டின் இரும்புக்குச் சொன்ன கணக்கு. நம் வீட்டுச் சுவரை அட்டை அச்சடித்தவர் பார்த்ததில்லை.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு தெரு நடந்துவிடலாம். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. டிவிக்கும் இதே கதிதான். சுவரோடு ஒட்டிய ஸ்டாண்டில், டிவியின் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் கீழ் விளிம்பு சுவரில் முட்டி நிற்கும். மேல்பக்கம் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது மேல் ஸ்க்ரூக்கள். அவை கீழ் விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், 12 × 5 ÷ 20, அதாவது 3 கிலோ இழுப்பு. இப்போது நீளும் ஸ்டாண்டின் கையை, ஈர்ப்பு மையம் 50 செ.மீ. தள்ளிப் போகும்படி நீட்டுங்கள். அதே டிவி, அதே ஸ்க்ரூ, இழுப்பு 30 கிலோ! ஸ்டாண்டின் சொந்த எடையையும், பிடித்து ஆட்டும் பிள்ளைகளையும் இதில் சேர்க்கவில்லை.

சரி, ஸ்க்ரூவை எது பிடிக்கிறது? அதைச் சுற்றியுள்ள ராவல் பிளக், அதாவது சுவர்த் துளைக்குள் முதலில் செருகும் சின்ன பிளாஸ்டிக் உறை. ஸ்க்ரூ உள்ளே போகப் போக அது விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கும். அந்த உராய்வுதான் பிடி. 1911 வாக்கில் பிரிட்டனின் ஜான் ராலிங்ஸ் கண்டுபிடித்தது. அப்போது பிளாஸ்டிக் ஏது? சணல் நாரை ஒட்டித்தான் செய்தார்கள்.

நெருக்குவதற்குக் கெட்டியான பொருள் வேண்டுமே. டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறம். அது வெறும் சிமென்ட் பூச்சு, நம்பாதீர்கள். அப்புறம் செம்மண் நிறம் வந்தால் செங்கல், கவலையில்லை. பிளக் முழுக்க அந்தச் சிவப்புக்குள் இறங்க வேண்டும். டிரில் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். மாவு போல வெள்ளையாகக் கொட்டினால் ஏஏசி பிளாக். அலுமினியத் தூள் கலந்து கேக் போல நுரைத்து எழவைத்த கல். அதில் டிரில்லின் ஹேமரை, அதாவது சுத்தியல் போல அடித்துக்கொண்டே துளைக்கும் வசதியை, அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும், இல்லாவிட்டால் துளை அகன்றுவிடும். பிளக்கும் அதற்கென்றே விற்கும் நீளமான ரகம்.

டிவியின் முதுகில் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 200க்கு 200 மி.மீ. என்றால் அதே அளவு ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.

உயரம்? நம் வீடுகளில் டிவியைச் சாமி படம் போலத்தான் மாட்டுகிறோம். உட்கார்ந்தால் கண் இருக்கும் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி வந்தால் கழுத்து வலிக்காது. பாயில் உட்காரும் வீடென்றால் இன்னும் கீழே. உயரத்தில்தான் இடம் இருக்கிறது என்றால் முன்பக்கம் லேசாகச் சாயும் ஸ்டாண்டு போதும். அது சுவரை விட்டு அதிகம் விலகுவதில்லை.

மைத்துனர் வீட்டில் டிரில் இறங்கியதும் வெள்ளை மாவு கொட்டியது. சாயும் ஸ்டாண்டையே மாட்டினோம். சாப்பாட்டு மேசையைத்தான் திருப்பிப் போட்டார்.