முட்டி மாற்றினால் தரையில் உட்கார முடியுமா?

மூட்டு மாற்று ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் மதுரைப் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது, "கீழே உட்காரலாமா சார்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பூக்கட்டுவது, களையெடுப்பது, பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுவது, காலையில் குந்தி உட்கார வேண்டிய கழிவறை என்று நம் நாள் முழுக்க முட்டியை ஒட்ட மடக்கித்தான் ஓடுகிறது.

பதிலை டிகிரிக் கணக்கில் பார்த்தால் புரியும். காலை நேராக நீட்டியிருப்பது பூஜ்யம் டிகிரி. சமதரையில் நடக்கும்போது முட்டி 60 முதல் 70 டிகிரி வரை மடங்கினால் போதும். படியேற 90 பக்கம் வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 100 சொச்சம். குந்தி உட்காரவும் சம்மணம் போடவும் 130-ஐத் தாண்ட வேண்டும். நன்றாகச் செய்த மாற்று மூட்டு பெரும்பாலும் 110-லிருந்து 125 வரை மடங்கும். நடை, படி, நாற்காலி, பஸ், வண்டி எல்லாம் கைக்குள் வந்துவிடும். தரை மட்டும் பலருக்கு எட்டாமல் போகும். சிலர் உட்காருகிறார்கள்தான். ஆனால் அதை நம்பி ஆபரேஷனுக்குப் போகக் கூடாது.

முட்டியில் தொடை எலும்பின் அடிமுனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. இரண்டின் மேலும் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு வழவழப்பான குருத்தெலும்பு படிந்திருக்கும். அதற்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராததால் தேய்ந்தது திரும்ப வளராது. நரம்பு இல்லாததால் தேயும்போது சத்தமே இல்லாமல் தேயும். அடியிலிருக்கும் எலும்பு உரசத் தொடங்கி, மூட்டைச் சுற்றிய உறையும் வீங்கிய பிறகுதான் வலி தெரியும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் உள்பக்கம் அதிகம் தேய்வதால் கால் வில்லாக வளையும். சாதாரண நடையிலேயே உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு பாரமும், படி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேலும் முட்டியில் விழுகிறது. மாற்று மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்த கணக்கு இது. ஐந்து கிலோ எடை குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மூட்டையே கழற்றி எடுத்துவிட்டு இரும்பு மூட்டு மாட்டுகிறார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படியில்லை. நடப்பது, தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடுகிற மாதிரியான வேலை. தொடை எலும்பின் முனையில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு, அளவுகோல் அச்சு வைத்து ஐந்து பக்கமாகச் சீவுகிறார்கள். கணைக்கால் எலும்பின் தலையை ஒரே மட்டமாக வெட்டுகிறார்கள். மேலே கோபால்ட் குரோமியக் கலவையில் செய்த மூடி, கீழே பெரும்பாலும் டைட்டேனியத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் மிக உறுதியான பாலித்தீன் துண்டு. எலும்போடு இவற்றைப் பிடிக்க வைப்பது அக்ரிலிக் வகையைச் சேர்ந்த எலும்பு சிமெண்ட். குழைத்த கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும். பக்கவாட்டுத் தசைநார்களும் தசைகளும் உங்களுடையவைதான்.

சிமெண்ட் போடுவதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஆபரேஷனின் சூட்சுமமே அங்கேதான் என்று எனக்குத் தோன்றும். சோதனைப் பாகங்களை வைத்துவிட்டுக் காலை மடக்கி, நீட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார்கள். நீட்டும்போதும் மடக்கும்போதும் தசைநார்களின் இழுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடுதலான பாலித்தீன். இறுகினால் குறைவானது, அல்லது தசைநாரைக் கொஞ்சம் தளர்த்துவது. வில்லாக வளைந்த கால் நேராவதும் இங்கேதான். வீட்டுக்கு வந்ததும் "முன்னைக்கு இப்ப உசரமாத் தெரியுறீங்க அத்தை" என்று மருமகள் சொல்வது சும்மா பேச்சுக்கில்லை. இப்போது பேசப்படும் ரோபோ ஆபரேஷனையும் நடத்துவது டாக்டர்தான். வெட்டும் அளவும் கோணமும் பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் இயந்திரத்தின் வேலை.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. அரைத்தூக்கத்தில் இருப்பவர்களுக்கு ரம்பமும் சுத்தியலும் கேட்கும். தச்சுப் பட்டறைக்குள் படுத்திருக்கிறோமோ என்று பயந்துவிட வேண்டாம். அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று வீட்டில் பதறுவார்கள். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதும், பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

சோழவந்தானில் என் சித்திக்கு ஆபரேஷன் முடிந்து, பயிற்சி சொல்லித்தர பிசியோ வீட்டுக்கு வந்த முதல் நாள். முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை வைத்துப் படுத்திருந்தார். பிசியோ வந்ததும் அதைத்தான் உருவினார். "அது இருந்தாத்தாம்ப்பா வலி தெரியல" என்றார் சித்தி. "அதனாலதாம்மா எடுக்குறேன்" என்று அதே தலையணையைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து, முட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு, மெத்தையை நோக்கி அமுக்கச் சொன்னார். சித்தி திட்டியதை இங்கே எழுத முடியாது. பிசியோ செய்தது சரிதான். லேசாக மடங்கியிருக்கும்போது வீங்கிய மூட்டுக்குள் அழுத்தம் குறைவு, அதனால் சுகமாக இருக்கும். அப்படியே விட்டால் உள்ளே உருவாகும் தழும்புத் திசு அதே நிலையில் இறுகிவிடும். ஐந்து டிகிரி மடங்கியபடி நின்றுவிட்ட முட்டியோடு நடந்தால் தொடைத் தசை ஓய்வே இல்லாமல் உழைக்க வேண்டும், நடை தாங்கலாகிவிடும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். நீட்டுவதில் குறை வந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

வெட்டுக்காயத்தைவிட தொடைத் தசைதான் அதிகம் படுத்துகிறது. மூட்டு வீங்கியிருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசையை மூளை தானாகவே அடக்கி வைக்கிறது. முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். காலை நேராகத் தூக்கச் சொன்னால் கால் வராது. "என் காலே இல்ல போல இருக்கு" என்பார்கள். தினமும் சொன்ன பயிற்சியைச் செய்தால்தான் திரும்பும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைப்பது.

தையலோ கிளிப்போ பிரிக்க இரண்டு வாரம். அதற்குள் 90 டிகிரி வந்துவிட்டால் நல்ல போக்கு. ஆறு வாரத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வருவார்கள், சிலர் அதையும் வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலை பழகிவிடும். வீக்கமும் சூடும் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். பொங்கல் முடித்து ஆபரேஷன் செய்துகொண்டவர் சித்திரையில் அழகரைப் பார்க்க நடந்தே போக முடியும். ஆற்றுக்குள் அந்த நெரிசலில் மணிக்கணக்காக நிற்பதை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

படிக்கு ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். வலது முட்டி மாற்றியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசற்படி ஏறும்போது, "வலது காலை எடுத்து வச்சு வா" என்று பெரியவர்கள் சொன்னாலும் இடது காலைத்தான் வைக்க வேண்டும். வீட்டில் கட்டிலும் நாற்காலியும் உயரமாக இருக்கட்டும். இந்தியன் கழிவறை என்றால் மேலே வைக்கும் கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்; வந்திறங்கிய அன்று ராத்திரி அதைத் தேடி அலைவது கொடுமை.

எவ்வளவு மடங்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பது, ஆபரேஷனுக்கு முன் அந்த முட்டி எவ்வளவு மடங்கியது என்பதுதான். பல வருடம் 80 டிகிரியோடு நின்றுபோன முட்டியில் தசையும் உறையும் சுருங்கியிருக்கும். புதுப் பாகம் அதை நீட்டித் தராது. கடைசி கட்டம் வரை தள்ளிப்போடுவதில் இருக்கும் நஷ்டம் இது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காகவே ஓடவும் வேண்டாம். மாத்திரை, பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் பார்த்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, தெருமுனைக் கடைக்குப் போக முடியவில்லை என்றால் அதுதான் நேரம்.

பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்குத்தான். நூறில் ஒருவர், இருவருக்கு வரலாம். உலோகத்தின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டால் ஆன்டிபயாடிக் உள்ளே எட்டாது, சில சமயம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். அதனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எட்டு சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுக்கச் சொல்வார்கள். சொத்தைப்பல், சேற்றுப்புண், ஆழமான பித்தவெடிப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வயலில் நிற்பவர்கள் காலைக் கட்டாயம் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புத்தூர்க் கட்டு, எண்ணெய் போட்டு உருவுவது எதுவும் இந்த முட்டிக்கு ஆகாது.

செலவு விஷயம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மாற்று மூட்டுப் பாகங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமிய வகை 54,720 ரூபாய்க்கு வந்தது. அது பாகத்தின் விலை மட்டும். பில்லில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள்.

தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கையகலத்துக்குத் தொட்டால் தெரியாது, தோல் நரம்பு அறுபடுவதால். நடக்கும்போது லேசாக டக்கென்று சத்தம் கேட்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுவதுதான். கோயில் வாசல் மெட்டல் டிடெக்டர் கத்தினால் முட்டியைக் காட்டினால் போதும். வலி போனாலும் பத்தில் ஒருவர், இருவருக்கு முழுத் திருப்தி வருவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் பதிவேடுகளின் கணக்குப்படி பத்தில் எட்டு மாற்று மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன. பாலித்தீன் தேய்ந்து உதிரும் நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரித்துப் பிடிமானத்தைத் தளர்த்தக்கூடும். அதுவும் தொடக்கத்தில் வலிக்காது. அதனால் முட்டி நன்றாகவே இருந்தாலும் ஒரு வருடம் முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் சில வருடத்துக்கு ஒரு முறை இன்னொன்று எடுத்துப் பார்ப்பார்கள்.