சுருதி சேர்க்கும் நேரத்தைப் பறிக்காதீர்கள்

பரோக் எனப்படும் பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழுக்களுக்கு, பியானோபோல் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் ஹார்ப்சிகார்டு என்ற கம்பிக் கருவியைச் சுருதி சேர்த்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்கள்தான். ஐந்தாறு பேர், வாடகைக்கு எடுத்த அரங்கம். கச்சேரி முடிந்ததும் யாராவது கேட்பார்கள்: "நடுநடுவே நிறுத்திச் சுருதி பார்க்கிறார்களே, முன்பே பார்த்துவிட்டு மேடையேறக் கூடாதா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் குழுவினர் அல்ல, அரங்க நிர்வாகிகள் என்பது என் கட்சி.

ஏறத்தாழ 1600க்கும் 1750க்கும் இடைப்பட்ட இந்த இசையை அக்காலத்துக் கருவிகளில் வாசிப்பவர்கள், வயலினுக்கு ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பைக் கட்டுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் சுருதி நிற்காது. ஹார்ப்சிகார்டில் கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் ஒலிப்பலகையோ சில மில்லிமீட்டரே தடிமனுள்ள மரம். ஈரம் ஏறினால் உப்பிக் கம்பிகளை இழுத்துச் சுருதியைக் கூட்டும். ஏ.சி. காற்றை உலர்த்தினால் இறங்கும். பியானோவில் இருப்பதுபோல் தாங்கிப்பிடிக்க வார்ப்பிரும்புச் சட்டம் கிடையாது.

இதைவிடப் பொல்லாதது மேடை விளக்கு. ஒத்திகையின்போது மின்சாரத்தை மிச்சம்பிடித்துவிட்டு, கச்சேரி தொடங்கும்போது எல்லா விளக்குகளையும் போடுகிறார்கள். சூட்டில் ஹார்ப்சிகார்டின் பித்தளைக் கம்பி நீண்டு தளர்கிறது, சுருதி இறங்குகிறது. அதே சூட்டில் மரப் புல்லாங்குழலின் சுருதி ஏறுகிறது. அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால், ஒரு டிகிரிக்குச் சுமார் மூன்று பங்கு ஏறும். ஐந்து டிகிரி கூடினால் பதினைந்து பங்கு. பயிற்சியில்லாத காதுக்கும் உறுத்தும். கம்பி இறங்க, குழல் ஏற, நடுவில் வயலின்காரர் யார் பக்கம் சாய்வார்?

ஆகவே கதவு திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விளக்கும் ஏ.சி.யும் கச்சேரியில் இருக்கப்போகும் அளவிலேயே ஓடட்டும். ஏ.சி. காற்று நேராக வீசும் இடத்தில் ஹார்ப்சிகார்டை வைக்காதீர்கள். எனக்கு ஒரு மணி நேர நிசப்தமும் வேண்டும். இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் எழும் மெல்லிய அதிர்வு அலையை எண்ணித்தான் காதால் சுருதி வைக்கிறேன். பக்கத்தில் மைக்காரர் "ஹலோ, ஹலோ" என்றால் எந்த அலையை எண்ணுவது?

"சுருதி அரைச் சுரம் தாழ்ந்திருக்கிறது" என்று புகார் சொல்பவர்களும் உண்டு. அது வேண்டுமென்றே வைத்தது. இன்றைய பொதுச் சுருதி 440 ஹெர்ட்ஸ் என்றால், இக்குழுக்கள் பெரும்பாலும் 415 வைத்துக்கொள்கின்றன. பிரெஞ்சு இசைக்கு 392கூட வைப்பார்கள். அக்காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு சுருதி இருந்தது. அரங்கத்துப் பியானோவோடு ஒத்துப்போகவில்லையே என்று வருந்த வேண்டாம்.

மைக் வைத்தே தீருவோம் என்று நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்ப்சிகார்டில் சிறு இறகுமுள் கம்பியைச் சுண்டுகிறது. கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். வீட்டுக் கூடங்களிலும் அரண்மனை அறைகளிலும் ஒலித்த கருவி அது. ஆகவே மைக்கை விட்டுவிடுங்கள்; உங்களிடம் இரண்டு அரங்கங்கள் இருந்தால், டிக்கெட் வருமானம் குறைந்தாலும் சிறியதைக் கொடுங்கள்.