டைரி எழுதியும் மனம் லேசாகவில்லையா?

"டைரி எழுதிப் பார்த்தேன் டாக்டர், இன்னும் மோசமாத்தான் இருக்கு." மனநல ஆலோசனை அறையில் இது அபூர்வமாகக் கேட்கும் பேச்சு அல்ல. சொல்பவர் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைக் கொட்டினால் பாரம் இறங்கும் என்பதில் பாதிதான் உண்மை. சிலருக்குக் கொட்டக் கொட்டப் பாரம் கூடவும் செய்யும். எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், தினமும் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணத் தலைப்புகள். மற்றவர்கள் வாழ்க்கையின் வேதனையான அனுபவத்தை எழுதினார்கள்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. அடுத்து வந்த மாதங்களில் உடம்புக்கு முடியாமல் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களிடம்தான். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை இறங்கித்தான் இருந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதே. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிடும். பின்னாளில் இத்தகைய எழுத்துகளை ஆராய்ந்தபோது, நாளுக்கு நாள் "அதனால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்கே பலன் அதிகம் என்று தெரிந்தது.

எல்லாருக்கும் இது பொருந்திவிடுவதில்லை. துணையைப் பிரிந்தவர்களை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிவின் அர்த்தத்தைத் தேடி ஏற்கெனவே மனதைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு, உணர்ச்சிகளைக் கொட்டி எழுதியதால் தேறுவதற்கு அதிகக் காலம் பிடித்தது. நடந்ததையே அசைபோடும் மனதிடம் நோட்டைக் கொடுத்தால், அது நோட்டிலும் அசைபோடும்.

உங்கள் டைரியில் நடப்பது எது? ஒரு வாரத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இப்படி இருக்கிறதா?

"இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன். எனக்குன்னே இப்படி நடக்குது. என்னை யாருக்குமே பிடிக்கல. எப்பவுமே இப்படித்தான்."

இதைச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலிருந்து கிழித்து வெள்ளிக்கிழமையில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது. நேரம் இல்லை, ஆள் இல்லை, என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை. அதே நிகழ்ச்சியை இப்படியும் எழுதலாம்:

"மதியம் 3 மணி மீட்டிங். அறிக்கையில் போன மாதக் கணக்கு விட்டுப்போச்சுன்னு மேலாளர் சத்தம் போட்டார். ஆறு பேர் இருந்தாங்க. அவமானம் 80, கோபம் 60. வேலையை விட்டே தூக்கிடுவாங்கன்னு தோணுச்சு. ஆனா மீட்டிங் முடிஞ்சதும் அடுத்த மாத வேலையையும் என்கிட்டதான் கொடுத்தார். கணக்கு விட்டது என் தப்பு, காலையில சேர்த்து அனுப்பணும். இப்போ அவமானம் 50."

எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (CBT) தரப்படும் எண்ணப் பதிவேட்டின் சுருக்கம் இது: சூழ்நிலை, சட்டென்று வந்த எண்ணம், உணர்ச்சியும் அதன் அளவும் (0 முதல் 100 வரை), எண்ணத்துக்குச் சாதகமான சான்று, எதிரான சான்று, திருத்திய எண்ணம், மறுபடி அளவு. 80 என்பது 50 ஆனாலே போதும். 0 ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எண் அசையவே இல்லையென்றால் முதலில் எண்ணத்துக்கான இடத்தைப் பாருங்கள். அங்கே எண்ணத்துக்குப் பதிலாக "அசிங்கமா இருந்துச்சு" என்று உணர்ச்சியையோ, "திட்டினார்" என்று நிகழ்ச்சியையோ எழுதியிருப்பீர்கள். "சரி, அப்படியே நடந்தால் என்னைப் பற்றி அது என்ன சொல்கிறது?" என்று இரண்டு மூன்று முறை கேட்டுக்கொண்டே போனால் உண்மையில் குத்தும் எண்ணம் வெளியே வரும். அடுத்த தவறு, எதிர்ச்சான்று என்ற இடத்தில் "எல்லாம் நன்மைக்கே" வகை ஆறுதலை எழுதுவது. அது சான்று ஆகாது, மனமும் அதை நம்பாது. நடந்த, எண்ணிக் காட்டக்கூடிய ஒன்று வேண்டும்.

"ஏன் எனக்கு மட்டும்?" என்று தொடங்கும் பக்கங்கள் பெரும்பாலும் வட்டமடிக்கும். பதில் இல்லாத கேள்வி அது. "என்ன நடந்தது, அப்போது நான் என்ன செய்தேன், அடுத்து என்ன?" என்று மாற்றுங்கள். அப்போதும் மூச்சு முட்டினால், உங்கள் பெயரையே போட்டு, வேறொருவருக்கு நடந்ததைப் போல எழுதுங்கள். கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடியும்.

பழைய பெரிய காயத்தை எழுத நினைப்பவர்கள் அதைத் தினசரி டைரியோடு கலக்க வேண்டாம். தனித்தாளில், 3 அல்லது 4 நாட்கள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், அலாரம் வைத்து எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், பேனாவை நிறுத்த வேண்டாம். முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம் வேறு பொறுப்பு எதுவும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் நேரம் இதற்கு உகந்ததல்ல. சம்பவம் நடந்து சில வாரங்களாவது போகட்டும். எழுதும்போது தாங்கவே முடியாது என்று தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்தலாம், வேறு விஷயத்துக்கு மாறலாம். முடித்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நான்காம் நாளுக்குப் பிறகும் அதே வேதனை அதே சொற்களில் வருகிறதென்றால், ஐந்தாம் நாள் எழுதுவதால் பயனில்லை.

தூக்கம் வராதவர்களுக்கு வேறு வழி உண்டு. படுக்கும் முன் 5 நிமிடம், அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட முடிக்க வேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சீக்கிரம். "வங்கி வேலை" என்று விடாமல் "காலை 11 மணிக்கு வங்கி, முகவரி மாற்றப் படிவம்" என்று எழுதுங்கள்.

வாழ்க்கையில் நன்றி சொல்லத் தோன்றுபவற்றை நன்றிக் குறிப்பாக எழுதுபவர்களுக்கு வாரம் ஒரு முறை தாராளம். தினமும் எழுதினால் வாய்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

விட்டுப்போன நாட்களை எட்டாம் நாள் உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. தூக்கம், தலைவலி, மனநிலை ஆகியவற்றைக் குறிப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், குறிப்பேட்டுக்குள் ஒளியை உணரும் கருவியை ஒளித்து வைத்து, அது எப்போது திறக்கப்பட்டது என்று கண்காணித்தார்கள். காகிதத்தில் பார்த்தால் 90 சதவீதம் உரிய நேரத்தில் எழுதப்பட்டிருந்தது. கருவி சொன்னது 11 சதவீதம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, மனித சுபாவம். ஆனால் இன்றைய மனநிலைதான் போன வாரத்துக்கும் சாயம் பூசும். காலியான கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் டைரியில் உண்மை வராது. பூட்டு போடுங்கள், செயலி என்றால் அது மேகக்கணிப்பில் எங்கே சேமிக்கிறது, அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த 4 நாள் தாள்களைக் கிழித்துப் போட்டாலும் பலன் போய்விடாது.

சிலர் தனியாக எழுதுவதை நிறுத்திவிட்டு நிபுணரைப் பார்ப்பதே சரி. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமோ அதற்கான திட்டமோ பக்கங்களில் வருகிறதென்றால் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்தையும் எழுதாவிட்டால் நடுங்குபவர்கள், செய்த தவறுகளை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் மனம் அடங்கும் என்று திரும்பத் திரும்ப எழுதுபவர்கள், தன்னை யாரோ வேவு பார்ப்பதாகக் குறித்துக்கொண்டே போகிறவர்கள் ஆகியோருக்கு டைரியே நோயின் ஒரு பகுதியாகிவிடும்.

நிபுணரிடம் போகும்போது முழு நோட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கடைசி 2 வாரங்களை அரைப் பக்கமாகச் சுருக்குங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், மோசமான நாட்கள் எத்தனை, அந்த நாட்களில் அளவு எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது, மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய தேதி.