செக் எஞ்சின் லைட்: ஒரு சொல் விளக்கம்

"அண்ணே, மீட்டர்ல மஞ்சளா ஒரு குழாய் படம் எரியுது. வண்டிய ஓட்டலாமா?"

எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு போன் வருவதைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. சிலர் குழாய் என்பார்கள், சிலர் ஹெலிகாப்டர் என்பார்கள். ஒரு அம்மா தையல் மிஷின் என்றாராம். குற்றமில்லை, எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்து வெறும் விளிம்பை மட்டும் வரைந்தால் அப்படித்தான் தெரியும். மெக்கானிக் அண்ணன் விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். "நின்னு எரியுதா, மின்னி மின்னி எரியுதா?" என்று மட்டும் கேட்பார். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அதற்கு முன் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விளக்கைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி அதன் பெயரிலிருந்தே வருகிறது.

முதலில் 'செக்'. தமிழில் இந்தச் சொல் பல வேடத்தில் திரிகிறது. பேங்கில் கொடுப்பது செக். கட்டம் போட்டது செக்டு சட்டை. அரசியல் செய்தியில் ஒருவர் இன்னொருவருக்குச் 'செக் வைக்கிறார்'. வண்டியைக் கொடுத்தால் 'செக் பண்ணிச் சொல்றேன்' என்கிறார்கள். இவை நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு சதுரங்கப் பலகை. அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல், ஆட்டத்தில் அரசனுக்கு ஆபத்து வரும்போது எழுப்பும் குரலாக இருந்தது. அது அரபு வழியாக லத்தீனுக்கும், அங்கிருந்து பழைய பிரெஞ்சுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் போனது. அரசனை மடக்குவது என்ற பொருள் தடுத்து நிறுத்துவது என்று விரிந்தது; பிறகு சரிதானா என்று நின்று பார்ப்பது என்றானது. கட்டம் போட்ட சட்டைக்குப் பெயர் வந்ததும் அதே பலகையால்தான். ஆகவே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆட்டக்காரர் "ராஜாவைப் பார்!" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

'எஞ்சின்' கதை இன்னும் சுவையானது. லத்தீனில் இங்கேனியம் என்றால் ஒருவருக்குப் பிறவியிலேயே அமைந்த அறிவுத்திறன். அந்த அறிவால் செய்த சூழ்ச்சிக்கும் அதே பெயர் வந்தது. பிறகு கோட்டை மதிலை உடைக்கக் கல்லெறியும் போர்க்கருவிக்கு. நீராவி வந்த பிறகுதான் இன்றைய பொருள். இதே பயணம் தமிழிலும் நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலைக் காக்கும் கருவிகளின் வரிசையில் வளைவிற் பொறி வருகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் கருவி. அந்தப் பொறிதான் இன்று பொறியியல் கல்லூரியின் வாசலில் நிற்கிறது. பொறி என்றால் நெருப்புத் துகளும்தான். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கொடுக்கும் பொறி இல்லாமல் எஞ்சின் என்ற பொறி ஓடாது என்பது தமிழில் மட்டுமே கிடைக்கும் வேடிக்கை.

எந்திரம் என்பதும் புதுச்சொல் அல்ல. 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூற்றின் 55ஆம் பாட்டு. ஆலையில் கரும்பு பிழியும் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறதாம். வடமொழி 'யந்த்ர' என்பதிலிருந்து வந்த சொல் என்பதே பொதுவான கருத்து. அதன் வேருக்குப் பிடித்து நிறுத்துவது, அடக்குவது என்று பொருள். இயங்குவதால் இயந்திரம் என்று தமிழ் வேர் காண்பவர்களும் உண்டு. எது எப்படியானாலும், எஞ்சின் போடும் சத்தத்தை வைத்து அதை அடையாளம் காணும் பழக்கம் நமக்கு இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. இன்றைக்கும் அண்ணன் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை, காதைக் கொடுக்கிறார்.

மிச்சமிருப்பது 'லைட்'. இதற்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பெயரின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. பழைய கார்களில் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு முள், மின்னோட்டத்துக்கு ஒரு முள் என்று வட்டமான மீட்டர்கள் இருந்தன. தமிழில் இவற்றை மானி என்கிறோம்: வெப்பமானி, அழுத்தமானி. மானி எவ்வளவு என்று சொல்லும். 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் சில முட்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்பு விளக்கு வைத்தது. விளக்கு எவ்வளவு என்று சொல்லாது. உண்டு, இல்லை, அவ்வளவுதான். அதாவது மானி போய்க் காட்டி வந்தது. திசைகாட்டி, கைகாட்டியில் வரும் அதே காட்டி. முள்ளைப் பார்த்துப் பழகிய அமெரிக்க ஓட்டுநர்களுக்கு இது பிடிக்கவில்லை. முட்டாள் விளக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அங்கே இன்றும் வழக்கில் இருக்கிறது. முட்டாள் விளக்கா, ஓட்டுநரா என்பதைப் பெயர் தெளிவாகச் சொல்லவில்லை.

இப்போது நாம் பேசும் மஞ்சள் விளக்கு அதற்குப் பிந்தியது. எஞ்சினைக் கணினி ஆளத் தொடங்கிய பிறகு, 1981 வாக்கில், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 'செக் எஞ்சின்' என்ற எழுத்தோடு இது பரவலாக வந்தது. அதைச் சட்டமாக்கியது கலிஃபோர்னியா. எஞ்சின் மேல் இருந்த அக்கறையால் அல்ல, காற்றின் மேல் இருந்த கவலையால். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கண்ணெரியும் புகைமூட்டம் கார்ப் புகையால்தான் வருகிறது என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் காட்டினார். பின்னாளில் அந்த மாநிலத்தின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. புகையைக் கூட்டும் கோளாறு வந்தால் வண்டியே ஓட்டுநரிடம் சொல்லவேண்டும் என்று அந்த வாரியம் 1988 மாடல் வண்டிகளிலிருந்து விதித்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகை இணைப்பு, ஒரே வகைக் குறியீடு என்று ஆனது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு இந்தக் கண்காணிப்பின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பைக்கிலும் ஸ்கூட்டரிலும் அந்தக் குழாய் படம் ஏறிக்கொண்டது.

ஆக, சட்டப் புத்தகத்தில் இதன் பெயர் செக் எஞ்சின் லைட் அல்ல. பழுதைக் குறிக்கும் விளக்கு. அந்தப் பழுதும் பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்டது. 'எஞ்சினைப் பார்' என்று ஏவும் பெயரால்தான், விளக்கு எரிந்ததும் நாம் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறோம். ஆயிலுக்கு வேறு விளக்கு இருக்கிறது. அது சிவப்பு, எண்ணெய்க் கிண்டி மாதிரி இருக்கும்.

நிறத்துக்கும் பன்னாட்டுத் தரம் உண்டு. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனி. ஆயில் கிண்டியோ தெர்மாமீட்டர் படமோ சிவப்பில் வந்தால் பக்கத்து ஊர் வரை போய்விடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கவேண்டும். மஞ்சள் எஞ்சின் படம் அப்படியல்ல. சாவியைத் திருப்பியதும் அது எரிவது, பல்பு நன்றாக இருக்கிறதா என்று வண்டி தன்னையே பார்த்துக்கொள்வது. ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்று எரிந்தால், வண்டியும் வழக்கம்போல ஓடினால், அவசரம் இல்லை. வேகத்தைக் குறைத்து, மற்ற விளக்குகள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். ஓரிரு நாளில் காட்டிவிட வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது பழுது வரும்போது அதைச் சொல்ல விளக்கு மிச்சமிருக்காது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே.

மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. அண்ணன் பாஷையில் வண்டி 'மிஸ்ஸிங் அடிக்குது'. ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அந்த வழியில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. உள்ளே தேனடை போல நுண்துளை கொண்ட பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. தப்பிவந்த பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் பீங்கானே உருகும். பிளக் மாற்றும் செலவில் முடியவேண்டியது நகைக்கடைக் கணக்காகிவிடும். ஆகவே மின்னினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, போனை எடுக்கலாம். சில நேரம் கணினியே இழுவையைக் குறைத்து வண்டியைத் தள்ளாட வைக்கும். அது தற்காப்பு. நொண்டி நடை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அமெரிக்கக் குறிப்புகள் எல்லாம் பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்று தொடங்கும். அங்கே டாங்கிலிருந்து ஆவி கசிவதையும் வண்டி கண்காணிக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே ஓடும் எல்லா வண்டியிலும் அந்தச் சோதனை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இறுக்குவதால் நட்டமும் இல்லை. நம் ஊரில் அதைவிட முதலில் பார்க்கவேண்டியது எலி. இரண்டு நாள் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்துவைப்பது சாதாரணம். அடுத்தது மழை: தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருந்தால் ஏதாவது ஒரு கனெக்டரில் நீர் புகுந்திருக்கும். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்து ஓடும் புதிய டீசல் வண்டி என்றால் கரி வடிகட்டி அடைத்திருக்கலாம். மற்றபடி ஆக்ஸிஜன் சென்சார், இக்னிஷன் காயில், பிளக் என்று வழக்கமான ஆட்கள்தான்.

எது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் ஓர் எழுத்தும் நான்கு எண்ணும் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வெர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை. பி என்பது எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதிக்கு. இதில் ஒன்றை மறக்கக்கூடாது: குறியீடு அறிகுறியைச் சொல்கிறது, நோயை அல்ல. 0420 வந்தது என்பதற்காக உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால், காரணம் கேளுங்கள். சைலன்சர் குழாயில் ஓர் ஓட்டை விழுந்திருந்தாலும் சென்சார் அப்படிச் சொல்லும்.

சென்ற ஆண்டு எனக்கு நடந்தது இது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடையொன்றில் ஸ்கேன் போட்ட பையன் "எரேஸ் பண்ணிட்டேன் சார், சரியாயிடுச்சு" என்றான். விளக்கு அணைந்தது, பணமும் கொடுத்தேன். மறுநாள் மாலையே மறுபடி எரிந்தது. பெரும்பாலான பழுதுகளை வண்டி அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கண்டால்தான் விளக்கைப் போடும். அழித்ததும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அவன் அழித்தது பழுதை அல்ல, அதன் சாட்சியத்தை. பழுது வந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்று கணினி எடுத்துவைத்திருந்த பதிவும் அதோடு போயிற்று. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டும் வைத்தியமும் இதே ரகம்தான். அழிப்பதற்கு முன் குறியீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். உண்மையில் சரியாகிவிட்டால், மூன்று நல்ல ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானாகவே அணையும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயந்திரச் சரிபார்ப்பு விளக்கு' என்று எழுதுகிறார்கள். அது எஞ்சினைச் சோதிக்க அடித்துப் பார்க்கும் டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. 'எச்சரிக்கை விளக்கு' தவறில்லை, ஆனால் டேஷ்போர்டில் எரிவதில் பாதி எச்சரிக்கைதான். கோளாறு, பழுது இரண்டில் எனக்குப் பழுதைப் பிடிக்கும். 'பழுது பயமின்றே' என்கிறது தொல்காப்பியம்; அங்கே பயம் என்றால் பயன். பழுது என்றால் பயனில்லாமல் போவது. ஒரு சென்சாருக்கு நேரும் கதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது. பழுதோடு அந்தக் காட்டியைச் சேர்த்துப் பழுதுகாட்டி என்று வைத்துக்கொண்டேன். சட்டப் பெயருக்கும் பொருந்தியது, எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அது எங்க தம்பி பழுதைக் காட்டுது? பழுது இருக்குன்னுதான சொல்லுது. காட்டுறது இதுல்ல" என்று ஸ்கேனரைத் தூக்கிக் காட்டினார்.

பழுதுகாட்டி ஸ்கேனருக்குப் போய்விட்டது. மஞ்சள் விளக்கு இப்போதைக்குப் பழுது விளக்கு.