அசைலம்: அடைந்த இடமா, அடைத்த இடமா?

அசைலம் என்ற சொல் இன்று தமிழர் காதில் இரண்டு வழியாக விழுகிறது. ஒன்று அகதிகள் வழி. 'அசைலம் அடிச்சிருக்கு, இன்னும் முடிவு வரேல்லை' என்று புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் சொல்வார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்கள் வாயில் அதுவே 'அசூல்'. இன்னொன்று பழைய ஆவணங்கள் வழி. முன்னோரைத் தேடப் புறப்பட்ட ஒருவர் நூறாண்டுப் பழைய இறப்புப் பதிவு ஒன்றை எடுக்கிறார். இறந்த இடம் என்ற கட்டத்தில் 'லூனட்டிக் அசைலம்', அதாவது மனநோயாளிகளை வைத்திருந்த நிலையம், என்று இருக்கிறது. கொள்ளுப்பாட்டிக்கு ஒரு தங்கை இருந்ததே அப்போதுதான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. முதல் அசைலத்தைத் தமிழில் சொல்வது சுலபம். அடைக்கலம், தஞ்சம், புகலிடம் என்று கைவசம் சொற்கள் நிறையவே உண்டு. இரண்டாவதற்கு என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'சூலே' என்றால் ஒருவரையோ அவர் பொருளையோ பறித்துக்கொள்ளும் உரிமை. ஓர் ஊர்க்காரன் கடன்பட்டால் அந்த ஊர்க்காரர் யாரை வேண்டுமானாலும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற காலத்து உரிமை அது. முன்னால் 'அ' சேர்ந்தால் அந்த உரிமை செல்லாது என்று பொருள். நாம் நீதி, அநீதி என்கிறோமே, அதே 'அ'. ஆக 'அசூலோன்' என்பது யாரும் உள்ளே புகுந்து யாரையும் இழுத்துப்போக முடியாத இடம். பெரும்பாலும் கோயில். ஓடிவந்த அடிமை, கடன்காரன், கொலைகாரன் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. ரோமுலஸ் ரோம் நகரத்துக்கு ஆள் சேர்க்க இப்படி ஓர் இடத்தைத்தான் திறந்துவிட்டான் என்று கதை சொல்வார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் சொல்லுக்கு இந்த நல்ல பெயர் நீடித்தது.

பிறகு கைவிடப்பட்டவர்களுக்கான தரும நிலையங்களுக்கு அந்தப் பெயரை வைக்கத் தொடங்கினார்கள். 1758-ல் லண்டனில் அனாதைச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய இல்லத்துக்கு அசைலம் என்றே பெயர். அதே நூற்றாண்டில் மனநோயாளிகளுக்கான நிலையங்களும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. நல்லெண்ணத்தில் வைத்த பெயர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1790-லேயே யார்க் நகரத்து அசைலத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற பெண் சேர்க்கப்பட்ட சில வாரங்களில் இறந்துபோனார். பார்க்க வந்த குவேக்கர்களை நிர்வாகம் உள்ளே விடவில்லை. அந்தச் சாவின் சூட்டில் வில்லியம் டியூக் என்பவர் 1796-ல் தனியாக ஒரு நிலையம் தொடங்கினார். அதற்கு அசைலம் என்ற பெயரே வேண்டாமென்று 'ரிட்ரீட்', அதாவது ஒதுங்கி இளைப்பாறும் இடம், என்று வைத்தார்கள். சொல் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1845-ல் இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்டமும் ஓர் அசைலம் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. கட்டடங்கள் பெருத்தன, கூட்டம் அதைவிட வேகமாகப் பெருத்தது. 1930-ல் இன்னொரு சட்டம் வந்து அசைலம் என்ற சொல்லை நீக்கி 'மனநோய் மருத்துவமனை' என்று மாற்றியது. பலகை மாறியதே தவிர மதில் மாறவில்லை. ஊர்ப் பேச்சு அரசாங்கப் பெயர்களை எப்போதுமே சட்டை செய்ததில்லை. லண்டனின் பெத்லகேம் மருத்துவமனை 'பெட்லம்' ஆகி, அமளிக்கே பெயராகிவிட்டது. மனநல மருத்துவமனைகள் இருக்கும் சென்னையின் கீழ்ப்பாக்கத்தையும் இலங்கையின் அங்கொடையையும் நாம் அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது தமிழுக்கு வருவோம். அடைக்கலம் என்ற சொல்லின் வேர் 'அடை'. இதற்கு இரண்டு முகம். அடைந்தான் என்றால் போய்ச் சேர்ந்தான், அடைத்தான் என்றால் உள்ளே விட்டுப் பூட்டினான். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கிரேக்கச் சொல் இரண்டாயிரம் ஆண்டு நடந்து கடந்த தூரத்தைத் தமிழ் ஒரே வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

அடைக்கலம் என்பதற்கு வெறும் பாதுகாப்பு என்று மட்டும் பொருளில்லை. பொறுப்பை ஒப்படைப்பதும் அதில் உண்டு. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்று ஒரு பகுதியே இருக்கிறது. கவுந்தி அடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பிறகு நடந்ததில் மாதரியின் தவறு எதுவுமில்லை. ஆனாலும் அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேன் என்று அவள் தீயில் புகுந்து உயிர்விடுகிறாள். அந்த முடிவை யாரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாங்கிக்கொண்டவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்கிறேன். அதனால்தான் லூனட்டிக் அசைலத்தை 'அடைக்கலம்' என்று மொழிபெயர்க்க எனக்குக் கை வரவில்லை. அங்கே கணக்குச் சொல்லும் வழக்கமே இருக்கவில்லை.

எப்படி இருக்கவில்லை என்பதைப் புதைகுழிகளில் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் 1842-ல் திறந்த மருத்துவமனையின் நிலத்தில் சுமார் 25,000 நோயாளிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் பெயர் கிடையாது. எண் பொறித்த சிறிய இரும்பு முளை மட்டும். புல் வெட்டும் எந்திரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பணியாளர்கள் அந்த முளைகளில் ஆயிரக்கணக்கானவற்றைப் பிடுங்கிப் போட்டார்கள். எண் போனதும் எந்தக் குழி யாருடையது என்ற தடமும் போயிற்று. நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மருத்துவமனையிலும் எண் குழிகள்தான், 5,700-க்கு மேல். அந்த மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டபோது ஒரு மாடத்து அறையில் 400-க்கும் அதிகமான பெட்டிகள் கிடைத்தன. சேர்ந்த அன்று நோயாளிகள் கையில் கொண்டுவந்தவை. பெட்டிகளில் பெயர்ச்சீட்டு இருந்தது, குழிகளில் இல்லை.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துச் சேலம் நகர மனநல மருத்துவமனையில் 2004-ல் பார்வையிட வந்த சட்டமன்ற உறுப்பினர்கள் ஓர் அறையைத் திறந்து பார்த்தார்கள். எரித்த சாம்பல் அடைத்த செப்புக் குவளைகள், சுமார் 3,500, அலமாரிகளில் களிம்பேறி நின்றன. நிர்வாகம் பிறகு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பேரன் பேத்திகள், தம்பி வழிக் கொள்ளுப்பேரர்கள் என்று யார் யாரோ வந்து வாங்கிப் போனார்கள். 2014-ல் அங்கே நினைவிடமும் அமைந்தது. இங்கிலாந்தில் எப்சம் அருகே ஹார்ட்டன் இடுகாட்டில் சுமார் 9,000 பேர் கிடக்கிறார்கள். அந்த நிலம் 1983-ல் தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டது. இன்று தன்னார்வலர்கள் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொருவர் கதையாக எழுதி வருகிறார்கள்.

தேடுகிறவர்களுக்கு முதல் தடை குடும்பமேதான். 'ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டாங்க' என்று பேச்சில் வரும். 'சேர்த்தாங்க' என்றால் திரும்பி வரும் வாய்ப்பு இருக்கிறது. 'விட்டாங்க' என்றால் அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்குச் சொல்லும்போது அது 'சின்ன வயசுலயே போயிட்டா' ஆகிவிடும். எங்கே போனாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது தடை ஆவணம். பிரிட்டனின் 19ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கேட்டைப் பார்த்தால், தெருவில் குடியிருந்தவர்களுக்கெல்லாம் முழுப்பெயர் இருக்கும். அசைலத்தின் பக்கம் வந்தவுடன் பல இடங்களில் முதலெழுத்துகள் மட்டும்: எம்.டி., பெண், விதவை, வயது 41, தையல்காரி. அந்த இரண்டு எழுத்தையும் வயதையும் வைத்துக்கொண்டுதான் கொள்ளுப்பேத்தி தேட வேண்டும். மானத்தைக் காப்பதற்காக எழுத்தைச் சுருக்கினார்களாம். யாருடைய மானம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் மருத்துவத் தனியுரிமைச் சட்டம் ஒருவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் அவர் குறிப்புகளைக் காக்கிறது. உயிரோடு இருப்பவருக்கு அவசியமான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழியின் மேல் பெயர் எழுதுவதற்கும் தனியுரிமையையே காரணம் காட்டித் தடுத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கதை இன்னும் கொடியது. அங்கே இந்த நிலையங்களின் பெயர் 'குணமாக்கிப் பராமரிக்கும் நிலையம்' என்று பொருள்படும். 1940, 1941 ஆண்டுகளில் நாஜி அரசின் 'டி4' என்ற கொலைத் திட்டத்தின் கீழ் 70,000-க்கும் அதிகமான நோயாளிகளை ஆறு இடங்களில் நச்சுவாயு அறையில் கொன்றார்கள். வீட்டுக்கு ஆறுதல் கடிதம் போயிற்று. நோயின் பெயர் பொய், இறந்த தேதி பொய், கேட்டவர்களுக்கு அனுப்பிய சாம்பலும் யாருடையதோ. எப்போதோ குடல்வால் அகற்றப்பட்டவர் குடல்வால் அழற்சியில் இறந்தார் என்று எழுதி மாட்டிக்கொண்டதும் நடந்தது. இதை அவர்கள் கிரேக்கத்தில் 'நல்ல சாவு' என்று பொருள்படும் 'யூதனேசியா' என்ற சொல்லால் குறித்தார்கள். தமிழில் எழுதுகிற பலர் அப்படியே 'கருணைக்கொலை' என்று போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேட்டு வாங்கிய சாவு இல்லை அது. கொலை என்ற பாதி போதும். 2018-ல் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் கோப்பு தப்பிப்பிழைத்த சுமார் 30,000 பேரின் பெயர்களை வெளியிட்டது. அதுவரை வெளியிடாததற்கு, உறவினர்களுக்குச் சங்கடம் வரும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சங்கடத்தின் அடியில் இருப்பது பயம். நம்ம ரத்தத்திலும் இருக்கிறதோ என்ற பயம். மருத்துவக் குறிப்பைக் கையில் வாங்கிப் படிக்கும் வாரிசுகள் பலருக்கு வேறு ஏதோ கிடைக்கிறது. காக்காய்வலிப்பு என்று இருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய நோய் என்று இருக்கும். முற்றிய சிபிலிஸ் மூளையைத் தாக்கியிருக்கும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்று இருக்கும்: சோளத்தை மட்டுமே தின்று நயாசின் என்ற உயிர்ச்சத்து குறைந்ததால் வரும் நோய், முற்றினால் புத்தி பேதலிக்கும். ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் 1914-ல் தொடங்கி இதே மில்லெட்ஜ்வில்லில்தான் நோயாளிகளின் சாப்பாட்டை மாற்றி, பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்து, நோய் வராமல் தடுக்கலாம் என்று காட்டினார். சாவுக்குக் காரணமாக எழுதியிருப்பதோ பல இடங்களில் பைத்தியமும் இல்லை, காசநோய்.

பைத்தியம் என்ற சொல்லும் உடலில் தொடங்கியதுதான். பித்தம், பித்து, பைத்தியம் எல்லாம் ஒரே உறவு. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டதால் எழுத்தில் தவிர்ப்பதே மரியாதை, பழைய பலகையை அப்படியே மேற்கோள் காட்டும் இடம் தவிர.

சரி, அசைலத்துக்கு எதை எழுதுவது? அகதி விண்ணப்பம் என்றால் தஞ்சம் அல்லது அடைக்கலம். இன்று இயங்கும் நிலையம் என்றால் மனநல மருத்துவமனை. பழைய லூனட்டிக் அசைலத்துக்கு 'மனநோயாளர் காப்பகம்' என்பதே என் தேர்வு. காப்பு என்பது பாதுகாப்பு, கையில் போடும் வளையம், பேச்சுவழக்கில் போலீஸ் மாட்டும் விலங்கு. மூன்றும் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. நிறுவனத்தின் பெயராக வரும்போது மட்டும் அசைலம் என்றே விட்டுவிடலாம்.

பதிவேட்டில் கூடவே வரும் 'இன்மேட்' என்ற சொல்லைக் கைதி என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் விடுதி, அனாதை இல்லம், மருத்துவமனை எதில் தங்கியிருந்தாலும் அந்தச் சொல்தான். ஆகவே 'காப்பகத்தில் இருந்தவர்' என்று எழுதினால் போதும். சேர்க்கைப் படிவத்தில் நீதிபதியின் கையெழுத்து இருந்தால் 'அடைத்துவைக்கப்பட்டவர்' என்று எழுதத் தயங்க வேண்டாம்.