பல் எடுத்த குழிக்குள் என்ன நடக்கிறது?

பல் எடுத்து ஓரிரு நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால், குழியில் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ ஏதோ படிந்திருக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று பதறிப்போய்ப் பலர் அதைச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். பெரும்பாலும் அது ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் ஆன படலம், புண் ஆறத் தொடங்கியதற்கான அடையாளம்.

பல் வெளியே வந்ததும் குழியில் ரத்தம் நிரம்பி, சில நிமிடங்களில் உறைய ஆரம்பிக்கிறது. பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடிக்கச் சொல்வது இதற்காகத்தான், அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தமும் பஞ்சோடு பிய்ந்து வந்துவிடும். (அன்று எச்சில் சிவப்பாக இருப்பது சகஜம். கொஞ்சம் ரத்தம் கலந்தாலே நிறைய போவது மாதிரி தெரியும்.) அடியில் திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது இந்த உறைந்த ரத்தம்தான், புதுத் திசு ஏறி வளரச் சாரம் கட்டித் தருவதும் அதுவே. குழியின் ஓரங்களிலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்களும் செல்களும் அதற்குள் புகுந்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதியைச் சிவந்த மென்திசுவாக மாற்றிவிடுகின்றன.

அதைக் கலைக்காமல் இருப்பதுதான் நம் வேலை. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம், வேகமாகத் துப்ப வேண்டாம், ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டாம். சிகரெட்டைச் சில நாளாவது தள்ளி வையுங்கள். அந்த 24 மணி நேரம் கழிந்ததும் வெதுவெதுப்பான உப்புநீரை மெதுவாக வாயில் சுழற்றலாம்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வடியும். வலி மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படிக் குறைந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறி, காது வரை தெறித்து, வாயும் நாறினால், உறைந்த ரத்தம் கரைந்தோ கழன்றோ போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று சந்தேகிக்கலாம். டிரை சாக்கெட் என்பார்கள், கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு அதிகம் வரும். மாத்திரை போட்டே சமாளிக்காதீர்கள், மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தாலே நல்ல ஆறுதல் கிடைக்கும். ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் அன்றே போய்விடுங்கள்.

ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும், சுமார் 3-4 மாதங்களில் குழியின் பெரும்பகுதி புது எலும்பால் நிரம்பும். அதே சமயம், தாங்க வேண்டிய பல் இல்லாததால் அந்த இடத்தில் தாடை எலும்பு மெலியவும் செய்கிறது, முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதனால் அங்கே இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதித்து வைக்கும் செயற்கைப் பல்) வைக்கும் எண்ணம் இருந்தால், பல்லை எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.